முன்பல் இரண்டும் நேராக

நான் பற்றற்றவன் என்பது எங்கள் தெருவில் பலருக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். எதிர்ப்புறம் சாவி செய்பவரிடம் சொன்னேன். கீழே நகலெடுக்கும் கடையில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற ஒருவரிடம் விளக்கமாகவே சொன்னேன். அவர் மறுநாளிலிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறுகிறார்.

என் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயின் உருவத்தை எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, போட்டுப் பார்க்க டாக்டருக்கு அனுப்புவேன். சரி என்று திரும்பி வந்தால் மெழுகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை இறக்கி, மெருகேற்றிக் கொடுப்பேன். இரண்டாம் மாடியில் ஒரே அறை, ஒரு மேசை, ஒரு முக்காலி. எதைத் தொட்டாலும் கையில் வெள்ளைத் தூசி. இருபத்தொன்பது வருடத்தில் என் பல்லை மாட்டிக்கொண்டு போன ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. டப்பாவோடு ஒரு சீட்டு வரும். அதில் எண், ஆணா பெண்ணா, வயது, பல்லின் நிறம். பெயர் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டியூஷன் சென்டரில் வேதாந்த வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எடுக்கிறார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலைத் திணித்துக்கொண்டு பெரியவர்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருப்போம். வேலையை முழு மனதோடு செய்ய வேண்டும், அதன் பலனைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது என்று அவர் சொன்ன முதல் நாளே எனக்குப் புல்லரித்துவிட்டது. பலனைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வேலை செய்கிறவன் ஊரில் என்னை விட்டால் யார்? ஞானிகள் காட்டுக்குப் போய் அடைந்ததில் பாதியை நான் மாடிப்படி ஏறியே அடைந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மீதிப் பாதிதான் கொஞ்சம் தகராறு. ஒவ்வொரு பல்செட்டும் போன மறுநாள் டாக்டருக்குப் போன் போடுவது என் வழக்கம். "எப்படி இருந்துச்சு? கடிச்சுப் பாத்தாங்களா? கண்ணாடியில பாத்தப்ப முகம் எப்படி ஆச்சு?" எனக்கு அதிகம் வேலை தருகிற டாக்டரம்மா பாவம், இன்னொருவர் வாயில் கையை வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்வார். வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரம் அவருக்குப் போன் செய்து, இனிமேல் எதையும் கேட்கப்போவதில்லை, பலனைத் துறந்துவிட்டேன் என்று அறிவித்தேன். டாக்டர் "ரொம்ப நல்லதுங்க" என்றார். இவ்வளவு மகிழ்ச்சியாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். பலனைப் பற்றிக் கேட்காமல் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. நூறு கோடு சேர்ந்தபோது என் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"எதுவும் வேணாம்னு இருக்கிறதுக்கு இவ்வளவு பெரிய நோட்டா?" என்றாள்.

"இது சாதனை. உனக்குப் புரியாது."

"புரியுது. உங்க பல்லு மேல இருந்த ஆசையெல்லாம் இப்ப இந்தக் கோட்டு மேல வந்து உக்காந்துடுச்சு."

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் கோடு போட்டேன்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் கதை நகராது. எனக்கு ஏழு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது பாதி அவள்தான். நான் வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் இருக்கும்போது அத்தானுக்கு, அவள் கணவருக்கு, இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"காலையில உள்ள கொண்டு போறாங்கடா. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

ஒரு மனிதன் என்றால் "இதோ வர்றேன்" என்று சட்டையை மாட்டியிருப்பான். நான் ஞானி. "அக்கா, நம்ம செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. பலன் நம்ம கையில இல்ல. நீ பலனை நினைக்கிற, அதான் நடுங்குது" என்று ஆரம்பித்து, இருபத்திரண்டு நிமிடம் பேசினேன். மூன்று உதாரணங்கள் சொன்னேன். மூன்றாவது உதாரணம் வாத்தியார் சொன்னதைவிட நன்றாக வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, "சரி, போனை வை" என்றாள். அவள் மனம் அடங்கிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் நான்கு செட் அனுப்ப வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அத்தான் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போனேன். நான் சொன்னதுதானே நடந்தது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அக்கா அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே விடவில்லை.

"பலன் நம்ம கையில இல்லன்னு சொன்னியே. இப்ப எதைப் பாக்க வந்த?"

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவள் என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் எடுக்க மாட்டாள். வீட்டுக்குப் போனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அத்தான் மட்டும் மாதம் ஒரு முறை பால்கனியில் நின்று ரகசியக் குரலில் என்னைப் போனில் கூப்பிடுவார். நான் அக்காவைப் பற்றிக் கேட்பதற்குள் "சரி சரி, வர்றா" என்று வைத்துவிடுவார்.

அவளை நினைக்காத நாள் இல்லை. அதையெல்லாம் நோட்டில் சேர்க்கவில்லை. அது தொழில் சம்பந்தப்பட்ட நோட்டு என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அத்தான் கூப்பிட்டபோது, "வீட்ல ஒரு வாரமா எல்லாத்தையும் குழைச்சுக் குழைச்சுதான் சாப்பிடுறோம் மாப்ள. எனக்கென்ன பல்லா இல்ல?" என்று அலுத்துக்கொண்டார். வயதான காலத்தில் வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தொன்பது வருடம் பல் செய்கிறவனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு டப்பா வந்தது. சீட்டில்: பெண், 61, மேல் வரிசை முழுவதும், கீழே சொந்தப் பல். பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்தேன். மேல் அண்ணத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு இருந்தது. இந்த மேடு எல்லோருக்கும் இருக்காது. எங்கள் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. வேலையில் யோசனையாக இருக்கும்போதெல்லாம் என் நாக்கு அங்கேதான் போய் நிற்கும். அடுத்து கீழ் வரிசையை எடுத்துப் பார்த்தேன். முன்னால் ஒரு பல்லின் மூலை உடைந்திருந்தது. அதை உடைத்தவன் நான். எனக்குப் பத்து வயது, எனக்கு டபுள்ஸ் ஓட்டத் தெரியும் என்று சத்தியம் செய்து அவளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளை ஒரு பள்ளத்தில் இறக்கினேன். கீழே விழுந்து அவள் பல் உடைந்தது. வீட்டில் அவள் தானே விழுந்ததாகச் சொன்னாள்.

அக்காவின் வாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கண் கலங்கிவிட்டது. பிறகு, யாருக்குச் செய்தால் என்ன, எல்லாம் ஒரே வேலைதான், பற்றில்லாமல் செய்ய வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

வழக்கமாக ஒரு நாளில் முடிகிற அடுக்கு வேலைக்கு நான்கு நாள் எடுத்தேன். வீட்டிலிருந்து பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து மேசை விளக்கில் சாய்த்து வைத்தேன். சின்ன வயதில் அக்காவின் மேல் முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். எனக்கு நினைவில் நிற்கிற அக்கா அதுதான். கை, அதன் பின்னால் அந்தக் கோணல் பல், குலுங்குகிற தோள். அதே கோணலை மெழுகில் கொண்டுவந்தேன். ஒரு மயிரிழை கூடினால் எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். கண்ணாடியில் பார்ப்பாள், யார் செய்தது என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும், அன்றைக்கே எனக்குப் போன் வரும் என்று மனதுக்குள் முழுப் படமும் ஓடியது.

மனைவி போட்டோ காணாமல் போனதை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்க அக்காவுக்கா செய்றீங்க?"

"யாருக்கா இருந்தா என்ன? வேலை வேலைதான்."

"ஆமா. முகத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள்.

மெழுகுப் பல் டாக்டருக்குப் போனது. இரண்டு நாள் நான் போன் பக்கத்திலேயே இருந்தேன். குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போனேன். இதற்கும் கோடு போட்டேன், ஏனென்றால் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காத்திருப்பது வேறு, கேட்பது வேறு.

மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது. சீட்டின் பின்புறத்தில் டாக்டரின் கையெழுத்து: "முன்பல் இரண்டும் நேராக. நோயாளி விருப்பம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நோயாளி விருப்பமாம்! அக்கா அப்படிச் சொல்லவே மாட்டாள், இது அந்த டாக்டருடைய வேலை, ரசனை கெட்ட மனுஷி, எல்லா வாயையும் விளம்பரப் படத்து வாயாக ஆக்கப் பார்க்கிறார் என்று பொங்கினேன். காகிதம் எடுத்து டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். முக அமைப்பு, குடும்பச் சாயல், தொழில் தர்மம் எல்லாம் வந்தன. மூன்றாம் பக்கத்தின் கடைசியில், "இதைச் செய்தது நான் என்று அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று என் கை தானாக எழுதியிருந்தது.

அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். நான்கு நாள் நான் செய்தது பல் இல்லை. மன்னித்துவிடு என்று ஒரு மனு. அதை அவள் வாயிலேயே மாட்டிவிடப் பார்த்திருக்கிறேன். அவள் கேட்டது என்னவோ சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் ஒரு வரிசைப் பல். சீட்டில் எண் மட்டும் போட்டு ஒரு அந்நியப் பெண்மணி நேராகக் கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் நேராக வைத்துக் கொடுத்திருப்பேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, கத்தியைச் சூடுகாட்டி, இரண்டு பல்லையும் மெழுகிலிருந்து எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அழுதுகொண்டேதான் எடுத்தேன். நேராக வைத்தேன். அழகாக இருந்தன, யாருடைய பல் போலவும் இல்லை. அண்ணத்து மேடு அழுந்தாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் ஈயத்தாள் ஒட்டி இடைவெளி விட்டேன். பிளாஸ்டிக்கை இறக்கி, மெருகேற்றி, டப்பாவில் வைத்து அனுப்பினேன். போட்டோவை வீட்டுக்குக் கொண்டுபோய் இருந்த இடத்தில் மாட்டினேன். போன் வரும் என்று நினைக்கவில்லை. அவளுக்கு நன்றாகப் பொருந்தினால் சரி என்று மட்டும் இருந்தது. வாத்தியார் சொன்னது இதுதானோ என்று தோன்றிய மறுநொடியே நோட்டைத் தேடினேன் பாருங்கள், அங்கேதான் நான் யார் என்பது தெரிகிறது.

ஐந்து நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடிக்குக் கூரியர்காரர் தவிர யாரும் வருவதில்லை. கதவைத் திறந்தால் அக்கா. கையால் வாயை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றாள்.

அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். வாயிலிருந்து அந்தப் பல்செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

பல்செட் போட்டவர்கள் அதைக் கழற்றிய முகத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள். பத்து வருடம் கணவனுக்கே காட்டாதவர்கள் உண்டு என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலுதடு உள்ளே போய், கன்னம் ஒட்டி, பத்து வயது கூடித் தெரிந்த முகத்தை அக்கா என் பக்கம் நேராகத் திருப்பினாள்.

"வலிக்குது" என்றாள்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. எனக்குப் பதில் தயாராக இருந்தது, அதுதான் கொடுமை. புதுப் பல் அப்படித்தான் இருக்கும், பத்து நாளில் பழகிவிடும், வலியையே நினைத்துக்கொண்டிருந்தால் வலி கூடத்தான் செய்யும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு உதாரணம்கூட வந்தது. நாக்கை அண்ணத்து மேட்டில் அழுத்தி நிறுத்தினேன்.

"எங்கேக்கா வலிக்குது?" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைய கேக்க உனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சுடா."

நான் தலையைக் குனிந்தேன். "தப்புதான்க்கா" என்றேன். சொன்னது வெளியே கேட்டதா என்று தெரியவில்லை. அவள் வாயைத் திறந்து, வலப்பக்கம் கடைசியில் விரலை வைத்துக் காட்டினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக பிளாஸ்டர் இல்லாத ஒரு வாயைப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் பயறு அளவுக்குச் சிவந்து புண்ணாகியிருந்தது. பல்செட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஓரம் நீளமாக விட்டுப்போயிருந்தது. எந்தச் செட்டை அனுப்பும் முன்பும் விரலால் ஓரம் முழுவதும் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன். முதல் வருடம் கற்றுக்கொண்ட பாடம். முன்பல்லுக்காக அழுத அழுகையில் இதில் அதை மறந்திருக்கிறேன். யாரோ ஒரு எண்ணுக்குச் செய்திருந்தால் இந்தப் புண் வந்திருக்காது. நோட்டு போட்டுக் கோடு கோடாக நிரப்பியும் எனக்கு ஏறாத பாடத்தை அக்காவின் வாய் சொல்லிக் கொடுத்தது.

ஓரத்தை மெஷினில் கொஞ்சமாகத் தேய்த்தேன். கழுவிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி தேய்த்தேன். மூன்றாவது முறை கடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இது நான் செஞ்சதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே உங்கிட்ட குடுக்கச் சொன்னேன். ஊர்ல பாதி பேர் வாயில உன் பல்லு. எனக்கு மட்டும் எவனோ செய்யணுமா? கோவம் உம் மேலதான், உன் வேலை மேல இல்ல."

"அப்ப அந்த முன்பல்லு? நேரா வைக்கச் சொன்னது டாக்டர்தானே?"

"ஏன்டா, நான் எதுக்குக் கையால வாயை மூடிச் சிரிச்சேன்னு நினைச்ச? அழகா இருக்குன்னா? அந்தக் கோணப் பல்லு வெளிய தெரியக் கூடாதுன்னு நாற்பது அம்பது வருஷம் மூடி மூடிக் கையே வலிச்சுப் போச்சு. ஒரு வழியா எல்லாம் போய்த் தொலைஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தா, நீ மெனக்கெட்டு அதையே திருப்பிச் செஞ்சு அனுப்பியிருக்க! கண்ணாடியில பாத்ததும் டாக்டர் ரூம்லயே சிரிச்சுட்டேன். இந்தக் கோணங்கித்தனத்தை உன்னைத் தவிர எவன் செய்வான்?"

சொல்லிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. பழக்கத்தில் கை மேலே வந்தது, பாதியில் நின்றது, மடிக்கே திரும்பியது. வாய் நிறைய, நேரான பல் முழுவதும் தெரிய, என் அக்கா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. செய்தது நான் என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான்.

கிளம்பும்போது கதவருகே நின்றாள்.

"நாளைக்கு வர்றேன்."

"அதான் சரியாயிடுச்சேக்கா. இனிமே வலிக்காது."

"சரியாயிட்டா வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அன்றைக்கு நோட்டில் கோடு போடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு நல்ல நாற்காலி வாங்கி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். சாவி செய்பவர் என்னவென்று கேட்டார். "எங்க அக்கா வருவா" என்றேன். பத்து மணியிலிருந்து வேலையைத் தொடாமல் ஜன்னலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.